கோலாய்வு: வெண்டைக்காய்ச் சான்றுடன்

டேப்லெட்டில் படம் வரைய விரல் போதுமா, ஸ்டைலஸ் என்னும் கோல் வேண்டுமா என்ற வழக்கு நெடுநாளாகத் தீர்ப்பின்றிக் கிடக்கிறது. தீராததற்குக் காரணம் உண்டு. வாதாடுவோரில் பெரும்பாலோர் படம் வரைவதில்லை. வரைகிறவர்கள் வரைந்துகொண்டிருப்பதால் வாதத்துக்கு வருவதில்லை. எனவே வரையவும் தெரியாத, வாதத்தில் வென்று ஆகவேண்டியதும் எதுவுமில்லாத ஒருவர் நடுநின்று ஆராய்வதே முறை. அத்தகுதி இரண்டும் குறைவற அமைந்தவன் என்ற உரிமையில் இதை எழுதத் துணிந்தேன்.

வசதிக்காக இரு தரப்பாரையும் விரற்கட்சி, கோற்கட்சி என்று குறிப்போம். பழைய உரைகாரர் வழியில் முதலில் பிறர் மதம் கூறி, பிறகு அதை மறுத்து, முடிவில் இருவருக்குமே பிடிக்காத ஒன்றைத் தன்துணிபாக நிறுவுவதே இங்கும் நெறி.

விரற்கட்சியின் மூல ஆவணம் 2007 ஜனவரியில் சான்பிரான்சிஸ்கோவில் வெளிப்பட்டது. ஐபோனை அறிமுகம் செய்த மேடையில் ஸ்டீவ் ஜாப்ஸ், குச்சியெல்லாம் யாருக்கு வேண்டும், எடுப்பதும் வைப்பதும் தொலைப்பதுமாக அது ஒரு தொல்லை, பிறவியிலேயே பத்து விரல் இருக்கிறதே என்ற கருத்துப்படப் பேசினார். அதற்கு முந்தைய காலம் குச்சியின் காலம். 1996இல் வந்த பாம் பைலட்டில் குச்சிதான் எல்லாம். அந்தத் திரை அழுத்தத்தை உணர்வது. எதைக் கொண்டு அழுத்தினாலும் இணங்கும், பல்குத்தும் குச்சி உட்பட. ஜாப்ஸ் காட்டிய திரையோ மனித உடம்பு மின்சாரத்தைக் கடத்தும் என்ற ஒரே நம்பிக்கையில் நிற்பது. விரல் பட்ட இடத்தில் மின்புலம் சற்றுக் குலையும். குலைந்த இடமே தொட்ட இடம். பல்குச்சிக்கு அங்கே வேலையில்லை.

எட்டே ஆண்டில், 2015 செப்டம்பரில், அதே நிறுவனம் 99 டாலர் விலையில் ஆப்பிள் பென்சிலை அறிவித்தது. கோற்கட்சியார் அந்த நாளை இன்றளவும் தம் குலதெய்வத் திருவிழாவாகவே கொண்டாடி வருகின்றனர். அற்றன்று. ஜாப்ஸ் மறுத்தது பட்டியலை உருட்டவும் பொத்தானை அழுத்தவும் குச்சி கேட்கும் கருவியை. சாப்பிடக் கரண்டி வேண்டாம் என்று சொன்னவர் கொதிக்கிற குழம்பையும் கையால்தான் கிண்டுவார் என்று பொருள் கொள்ளலாமா? ஆகவே அந்தப் பேச்சும் இந்தப் பென்சிலும் முரணல்ல என்க.

அடுத்து விரற்கட்சியார் தொன்மை காட்டுவர். வெனிசு நகரத்து டிஷியன் முதுமையில் ஓவியத்தின் கடைசிக் கட்டத்தைத் தூரிகையைவிட விரலாலேயே அதிகம் முடித்தார் என்று அவரிடம் பழகிய இளைய ஓவியர் ஒருவர் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. சீனத்தில் சிங் அரசவை அதிகாரி காவ் சிபெய் (1660–1734) தூரிகையைத் தள்ளிவைத்துவிட்டு விரல்களாலும் வளர்த்த நகங்களாலும் மையைத் தொட்டு மலையும் மரமும் பறவையும் தீட்டியவர். வலுவான சான்றுகள்தாம். ஆயினும் காவ் சிபெய்யை அழைத்து இன்று ஒரு டேப்லெட்டைக் கொடுத்தால் பாவம், பாதிப் படம் விழாது. நகம் மின்சாரத்தைக் கடத்துவதில்லை. அவருடைய மெல்லிய கோடுகள் பலவும் நகக் கோடுகள். நகம் வளர்த்த பெண்கள் போனைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, சலித்துப்போய் விரலைச் சாய்த்து சதையால் தொடுவதை நாம் பேருந்தில் காண்கிறோமே, அதே இடர்.

கோலத்தையும் விரற்கட்சியார் துணைக்கு அழைப்பதுண்டு. நம் வீட்டுப் பெண்கள் எந்தக் கோலைக் கொண்டு வாசலில் சிக்குக் கோலம் போடுகிறார்கள் என்று கேட்பர். கேள்வி பலமானதுபோல் ஒலிக்கும். அருகே குனிந்து பார்த்தால் பலம் குன்றும். கோலம் போடும் விரல் தரையைத் தொடுவதே இல்லை. கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலிருந்து மாவு நழுவித் தரையில் விழுகிறது. விழும் இடம் கண்ணுக்குத் தெரிகிறது. புள்ளியைச் சுற்றி வளைவது கையின் வேகம். டேப்லெட்டிலோ விரல் எந்த இடத்தில் வரைகிறதோ அந்த இடத்தையே மறைத்துக்கொண்டு நிற்கிறது. விரல்நுனி கண்ணாடியில் பதியும் வட்டம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். அங்குலத்துக்கு 264 புள்ளி கொண்ட ஐபேட் திரையில் ஒரு சென்டிமீட்டருக்குள் 104 புள்ளி அடங்கும். அத்தனையையும் விரலடியில் போட்டுக்கொண்டு, நடுப்புள்ளி எது என்று கருவி கணக்குப் பார்த்துச் சொல்வதை நாம் ஏற்கவேண்டியிருக்கிறது. கண்ணுக்கு மை தீட்டலாம் என்று போய்ப் புருவத்தில் தீட்டியவர்களுக்கு இது விளங்கும். எனவே கோலம் விரற்கட்சிக்குச் சான்றாகாது. கூர்ந்து நோக்கின் எதிர்க்கட்சிக்கே சாதகம்.

இனி இவ்வாய்வின் இதயப் பகுதி. 2009 ஜூன் 1ஆம் தேதியிட்ட ‘நியூயார்க்கர்’ இதழின் அட்டைப்படத்தை ஜோர்ஜ் கொலம்போ என்பவர் ஐபோனில் விரலால் வரைந்தார். டைம்ஸ் சதுக்கத்தில், மெழுகுச்சிலைக் கூடத்துக்கு வெளியே ஒரு மணி நேரம் நின்று வரைந்த படம். வரைந்த பொருள் யாது? ஹாட்டாக் வண்டி. அதாவது தொத்திறைச்சிக் கடை. இதை இங்கே நிறுத்திவைப்போம்.

அடுத்த குளிர்காலத்தில், 2010 தொடக்கத்தில், தென்கொரியாவிலிருந்து ஒரு செய்தி வந்தது. கடுங்குளிர், கையுறையைக் கழற்றினால் விரல் விறைக்கும், கழற்றாவிட்டால் திரை கேட்காது. மக்கள் கடையில் விற்கும் சிறு தொத்திறைச்சியை உறையோடு எடுத்துத் திரையில் தேய்த்தார்கள். வேலை செய்தது. தொத்திறைச்சி விற்பனை ஏறியதாகவும் எழுதினார்கள். விரலால் தொத்திறைச்சி வரையப்பட்ட எட்டாம் மாதம், தொத்திறைச்சியே விரலாயிற்று. தற்செயல் என்று சொல்வார் சொல்லட்டும். முனைவர் பட்டங்கள் இதைவிட மெல்லிய தொடர்புகளின்மேல் வழங்கப்பட்டிருக்கின்றன.

தமிழ்நாட்டில் கையுறைக் குளிர் இல்லை. ஆனால் வெண்டைக்காய் இருக்கிறது. பிஞ்சா முற்றலா என்று அறிய அதன் முனையை ஒடித்துப் பார்ப்பதும், ஒடித்ததைக் கூடையிலேயே போடுவதும், காய்க்காரம்மா “ஒடிச்சா வாங்கிக்கணும்” என்று குரல் கொடுப்பதும் தொன்றுதொட்டு வருவன. ஒடித்த முகம் ஈரமானது. ஈரம் மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே ஒடித்த வெண்டைக்காயை வெறுங்கையால் பிடித்துத் திரையில் தொட்டேன். கோடு விழுந்தது. ஒடிக்காத கூர்முனை அசையவில்லை, ஏனெனில் மிகச் சிறிய தொடுகையைத் திரை தூசு என்று ஒதுக்கிவிடும். நறுக்கிய காம்புப் பக்கம் இன்னும் நன்றாகக் கேட்டது. கேரட்டும் தேறியது. காய்ந்த மிளகாயும் பொரிக்காத அப்பளமும் தோற்றன. முருங்கைக்காயின் வெட்டுமுகமும் வேலை செய்தது. எட்டி நின்று வரைய அதுவே ஏற்றது. முதுமையில் நீண்ட மூங்கில் கழியின் நுனியில் கரியைக் கட்டிச் சுவரில் வரைந்த மதீஸின் மரபில் முருங்கைக்காயை வைக்கலாம். வெண்டைக்காய்க்கு உள்ள ஒரே குறை, இரண்டு கோட்டுக்கு மேல் போனால் கொழகொழப்பு கண்ணாடியில் படிந்து, தொடாத இடத்திலும் கோடு விழத் தொடங்குவது. “திரையைத் துடைங்க, இல்லன்னா சாம்பாருக்குக் காயைக் குடுங்க” என்று அடுப்படியிலிருந்து ஆணை வந்ததால் ஆய்வு அத்துடன் நிறைவுற்றது.

இதனாற் பெறப்பட்டது ஒன்று. கடையில் நூறு இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ரப்பர் முனைப் பேனா, தத்துவ அளவில், வெண்டைக்காயே. விரல் அளவுக்குத் தடிப்பாக இருந்தால்தான் திரை அதை மதிக்கும். தடிப்பாக இருந்தால் வரையும் இடத்தை விரல்போலவே மறைக்கும். அது விரலுக்குப் போட்ட கைப்பிடி. அதை வாங்கிவிட்டு, “கோலால் ஒரு பயனுமில்லை” என்று கட்சி மாறியவர்கள் ஏராளம். அவர்கள் வெறுத்தது கோலை அன்று.

உண்மையான கோல் வேறு இனம். 1983இல் ஜப்பானில் தோன்றிய வாகோம் நிறுவனத்தின் பேனாவுக்கு பேட்டரியே கிடையாது; பலகையிலிருந்து வரும் மின்காந்த அலையிலேயே உயிர்பெற்று, இருக்கும் இடத்தையும் அழுத்தத்தையும் திருப்பிச் சொல்லும். 2011இன் கேலக்ஸி நோட் பேனாவும் அவ்வழியே. ஆப்பிள் பென்சில் தானே சமிக்ஞை விடுவது. திரை அதை நொடிக்கு 240 முறை கேட்கும். கை நகர்ந்த பிறகு கோடு வந்து சேர 20 மில்லிநொடி ஆகியது, 2019இல் அதை 9 ஆக்கினார்கள். அழுத்தத்தில் 8192 படிநிலை உண்டு என்று பெட்டியில் அச்சிடும் பேனாக்களும் வந்தாயிற்று. என் கைக்கு இரண்டே படிநிலை: அழுத்தம், நிப் வளையும் அழுத்தம். மீதி 8190ம் வேறு யாருக்கோ உரியவை.

ஆனால் இவையெல்லாம் விளம்பரத்துக்கு ஆகும். கோலின் மெய்யான பயன் நுனியில் இல்லை, உள்ளங்கையில் இருக்கிறது. விரலால் வரைகிறவர் மணிக்கட்டை அந்தரத்தில் தூக்கிப் பிடித்திருக்க வேண்டும். கை பட்டால் படத்தின் நடுவே ஒரு திட்டு. பேனா எது, கை எது என்று பிரித்தறியும் திரையில் காகிதத்தில் வைப்பதுபோல் உள்ளங்கையைச் சாய்த்துவிடலாம். அப்படியும் நம்பாதவர்கள் சுண்டுவிரலையும் மோதிரவிரலையும் மட்டும் மூடும் ஒரு கையுறையை மாட்டிக்கொள்வார்கள். நாள் முழுதும் வரைகிறவரிடம் கேட்டுப் பாருங்கள், கோட்டைப் பற்றிப் பேசமாட்டார். தோளைப் பற்றிப் பேசுவார். இந்த ஒரு பத்தியில் மட்டும் நான் விளையாடவில்லை. வேலையாக வரைகிறவருக்குக் கோல் வேண்டும், அவ்வளவுதான்.

ஓவியர் டேவிட் ஹாக்னியை இரு கட்சியாரும் தம்மவர் என்பர். ஐபோனில் கட்டைவிரலால் பூ வரைந்து நண்பர்களுக்கு அனுப்பியவர். ஐபேட் வந்தபின் கோலையும் எடுத்தார். 2011இல் யார்க்‌ஷயரின் வோல்ட்கேட் சாலையில் வசந்தம் வந்ததை ஐபேடில் வரைந்து, 2012இல் லண்டன் ராயல் அகாடமியில் பெரிதாக அச்சிட்டு மாட்டினார். எது கையில் இருந்ததோ அதில் வரைந்தார். வழக்குக்கு உதவாத சாட்சி, தள்ளுபடி செய்கிறேன்.

இன்னொரு நுட்பம். கோல் வரையும், ஆனால் அழிப்பது யார்? புரொகிரியேட் செயலியில் போட்ட கோட்டைத் திரும்பப் பெற இரண்டு விரலால் திரையைத் தட்ட வேண்டும். ஆயிரக்கணக்கில் செலவழித்துக் கோல் வாங்கிய என் மைத்துனர் வரைவதைக் கவனித்தேன். வலக்கைக் கோல் ஒரு கோடு போடும். இடக்கை இரு விரல் தட்டும். கோடு, தட்டு, கோடு, தட்டு. நாள் முடிவில் விரல் செய்த வேலை கோலின் வேலைக்கு ஒரு தட்டும் குறையாது. திரையில் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

இங்கிருந்தே என் துணிபு பிறந்தது. கோலின் தலையாய பயன் படம் வரைவதன்று. படம் வரையாமைக்குக் காரணம் தருவது. விரலை நம்பியவனுக்கு ஒரு சாக்கும் இல்லை. விரலில் சார்ஜ் இறங்கிவிட்டது என்று சொல்லமுடியாது. நிப் தேய்ந்துவிட்டது, புளூடூத் சேரவில்லை, ஷீட் ஒட்டியதிலிருந்து உரசுகிறது என்றும் சொல்லமுடியாது. மைத்துனர் மகள், நான்காம் வகுப்பு, அப்பாவின் டேபை எடுத்து விரலால் யானை வரைகிறாள். யானைக்கு ஐந்து கால் வந்துவிட்டது. “அது வாலு மாமா” என்றாள். ஆறாவதாகத் தும்பிக்கை போட்டாள். அப்பாவோ பேனாவுக்கு உறை தேடிக்கொண்டிருந்தார்.

வரலாறும் இதற்கு அரண். 1963இல் எம்ஐடியில் ஐவன் சதர்லாண்ட் தம் ஸ்கெட்ச்பேட் நிரலில் ஒளிப்பேனாவால் திரையில் நேராக வரைந்தார். 1964இன் ராண்ட் பலகை ஏறத்தாழ 18,000 டாலர். அக்காலப் பேனாக்கள் கம்பியால் கருவியோடு பிணைக்கப்பட்டிருந்தன. (வங்கிக் கவுண்டர்ப் பேனாவுக்குச் சணல் கட்டும் மரபு இதற்கு முந்தியதா பிந்தியதா என்பது தனி ஆய்வுக்கு உரியது.) கம்பி இருந்தவரை பேனாவைக் காணோம் என்று சொல்ல வழியில்லை, ஆகவே வேலை நடந்தது. கம்பி போயிற்று, சாக்கு வந்தது.

இதற்கு ஒரு தடை எழலாம். 2024 மே மாதம் வந்த ஆப்பிள் பென்சில் புரோ எங்கே கிடக்கிறது என்பதைத் தேடிக் கண்டுபிடித்துத் தரும் வசதியோடு வந்தது. இனித் தொலைந்தது என்ற காரணம் செல்லாதே, துணிபு இடிகிறதே என்பார்க்கு விடை வேண்டும். கட்டுரையை அதுவரை படித்துக் காட்டி மைத்துனரிடமே கேட்டேன். அவர் சற்றும் கலங்கவில்லை.

“அந்தப் பேனா புது மாடல் சிலதுக்குத்தான் சேரும் மச்சான். என் டேபுக்குச் சேராது. புது டேப் வாங்கினப்புறம்தான் வரையணும்” என்றார்.