4,500 அடியில் ஒரு சார்ஜர்

அமெரிக்காவில் ஒருவர் சொந்த விமானம் வைத்திருக்கிறார் என்று சொன்னால், ஊரில் கேட்பவர்கள் உடனே வெள்ளை லெதர் இருக்கையையும் பழரசம் நீட்டும் பணிப்பெண்ணையும் கற்பனை செய்துகொள்கிறார்கள். என் சகலை விஷயத்தில் அந்தக் கற்பனையை முதலில் நான்கால் வகுக்க வேண்டும். டெக்ஸாஸில், ஆஸ்டினுக்குப் பக்கத்துச் சிறிய விமான நிலையம் ஒன்றில் நிற்கிற செஸ்னா 172-இல் அவருக்குக் கால் பங்கு. றெக்கைப் பக்கக் காலா, வால் பக்கக் காலா என்று என் மாமியார் ஒருமுறை கேட்டார். அதற்கு இன்னும் பதில் போகவில்லை.

செஸ்னா 172 சாமானியப்பட்டதல்ல. 1956-இல் விற்பனைக்கு வந்து இதுவரை 44,000-க்கும் மேல் செய்யப்பட்ட மாடல். உலகில் இந்த எண்ணிக்கையை எட்டிய வேறு விமானம் இல்லை. சகலையுடையது எழுபதுகளின் தயாரிப்பு. கதவைச் சாத்துவதற்குத் தனி சாமர்த்தியம் வேண்டும். உட்காரும் இடத்தில் ஆஷ்ட்ரே உண்டு. பெட்ரோல் முள்ளை நம்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சகலை ஏணி போட்டு ஏறி, றெக்கையில் இருக்கும் டாங்குக்குள் குச்சி விட்டு அளந்து பார்ப்பார்.

இப்பேர்ப்பட்ட விமானத்தின் நட்டநடுவில் ஒரு டேப்லெட். மற்ற முட்கள் எல்லாம் கூடிப் பேசினாலும் அதற்குத் தெரிந்ததில் பாதி தெரியாது. நாங்கள் எங்கே இருக்கிறோம், எவ்வளவு வேகம், எந்த ரன்வே எவ்வளவு நீளம், அங்கே பெட்ரோல் என்ன விலை, எல்லாம் சொல்லும். ஆனால் விமானத்துக்கும் அதற்கும் ஒரு கம்பித் தொடர்புகூடக் கிடையாது. இருவரையும் சேர்த்து வைத்திருப்பது கண்ணாடியில் ஒட்டிய ஒரு ரப்பர் உறிஞ்சி.

இதன் அருமை புரிய வேண்டுமென்றால், வழி கண்டுபிடிக்க விமானிகள் பட்ட பாட்டைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1920-களில் தபால் விமானங்களுக்காக அமெரிக்க அரசு காட்டிலும் மேட்டிலும் பிரம்மாண்டமான கான்கிரீட் அம்புக்குறிகளைப் பதித்து மஞ்சள் வண்ணம் அடித்தது. பக்கத்தில் ஒரு சுழல்விளக்குக் கோபுரம். அம்பு காட்டும் பக்கம் போனால் அடுத்த அம்பு வரும். நடுவில் மேகம் வந்தால் மட்டும் எதுவும் வராது.

அடுத்த பத்தாண்டில் ஊர்ப் பெயரையே கூரைமேல் எழுதிவிடலாம் என்ற யோசனையைக் கிளப்பியவர் ஃபீபி ஆம்லி என்ற பெண் விமானி. களஞ்சியம், தொழிற்சாலை என்று அகலமான கூரையாகப் பார்த்து, 15 மைலுக்கு ஒரு பெயர் என்பது இலக்கு. பெண் விமானிகளே ஊர் ஊராகப் போய்ப் பேசி எழுத வைத்தார்கள். பிறகு உலகப் போர் வந்தது. எதிரி விமானியும் எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவானே என்று, கடலோரப் பகுதிகளில் எழுதியதையெல்லாம் மெனக்கெட்டு அழித்தார்கள்.

எல்ரே ஜெப்பசன் என்ற தபால் விமானிக்குக் கூரைகள் போதவில்லை. 10 சென்ட்டுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, எந்த ஊரில் எந்த மேடு எவ்வளவு உயரம், எந்த வயலில் இறங்கலாம் என்று குறித்துக்கொண்டே போனார். வழியில் இருந்த விவசாயிகளின் தொலைபேசி எண்களும் அதில் உண்டு. கிளம்பும் முன் கூப்பிட்டு, உங்கள் ஊரில் மழையா என்று கேட்டுக்கொள்வதற்கு. சக விமானிகள் நோட்டைக் கடன் கேட்டுத் தொந்தரவு செய்யவே, 1934-இல் அதைப் படியெடுத்து 10 டாலருக்கு விற்கத் தொடங்கினார். அதுவே பெரிய கம்பெனியாகி, உலக விமானிகளின் பைகளையெல்லாம் நிரப்பியது.

அப்புறம் வந்த விமானிகள் 1:5,00,000 அளவிலான வரைபடத்தைக் காக்பிட்டுக்குள் விரித்தார்கள். விரித்ததை மறுபடி மடிக்கத் தெரிந்தவர் பிறந்ததாகத் தகவல் இல்லை. காற்றையும் வேகத்தையும் கணக்குப் போட ஈ6பி என்ற வட்டு வேறு. ஸ்டார் ட்ரெக் தொடரில் ஸ்பாக் விண்வெளிக் கப்பலில் நின்றுகொண்டு இந்த வட்டைத்தான் திருகினார். பல நூற்றாண்டுகளுக்குப் பின்னாலும் மனிதகுலம் அதைத் திருகிக்கொண்டிருக்கும் என்று தொடரை எடுத்தவர்கள் நம்பியிருக்க வேண்டும்.

2010-இல் ஐபேட் வந்தது. வட்டும் மடியாத வரைபடமும் ஒரே பலகைக்குள் போய் உட்கார்ந்தன. ஃபோர்ஃப்ளைட், கார்மின் பைலட் என்று செயலிகள் வந்தன. கிளம்பும் ஊரில் விரலை வைத்து, சேரும் ஊர்வரை இழுத்தால் பாதை தயார். தனி விமானம் ஓட்டுபவர் காகிதத்தைச் சுமக்க வேண்டியதில்லை, திரையில் பார்த்தால் போதும் என்று அமெரிக்க விமான நிர்வாகமும் ஒப்புக்கொள்கிறது. வழி தெரியாமல் போகும் பயம் அன்றோடு பதவி விலகியது. காலியான இடத்துக்கு மனுப்போட்டு வந்து சேர்ந்தவர்கள் மூவர்: சார்ஜ் பயம், சூட்டுப் பயம், கேபிள் பயம்.

என் பதவி வலது இருக்கை. சகலையின் பறக்கும் நிறுவனத்தில் நான் டேப்லெட் பராமரிப்புப் பிரிவு. ஏறுவதற்கு முன்பே செயலி என் எடையைக் கேட்கும். பாரம் எங்கே எவ்வளவு என்று கணக்குப் போடாமல் கிளம்பக் கூடாது. நான் ஒரு எண்ணைச் சொல்வேன். சகலை என் வயிற்றை ஒருமுறை பார்த்துவிட்டு, மரியாதைக்கு ஒன்றும் பேசாமல், ஐந்து கிலோ கூட்டிப் போட்டுக்கொள்வார்.

அவர் முதலில் வாங்கிய டேப்லெட்டுக்கு நாங்கள் இருக்கும் இடமே தெரியாது. நன்றிநாள் தள்ளுபடியில் வாங்கியது. சிம் போடும் ரகத்தில்தான் ஜிபிஎஸ் இருக்கும், சிம் இல்லாத மலிவு ரகத்தில் இருக்காது என்பது வானத்தில் வைத்துத் தெரிந்தது. நாங்கள் டெக்ஸாஸ் மேலே பறந்துகொண்டிருக்க, எங்கள் விமானப் பொம்மை சகலை வீட்டு வை-ஃபை பக்கத்திலேயே பத்திரமாக நின்றுகொண்டிருந்தது. மிச்சம் பிடித்த பணத்துக்கு மேலே இன்னும் கொஞ்சம் போட்டுத் தனி ஜிபிஎஸ் பெட்டி ஒன்று வாங்கினார். அதற்கும் ஒரு சார்ஜர்.

அடுத்தது கூலிங் கிளாஸ். போலரைஸ்டு ரகம். டேப்லெட்டைப் படுக்கையாகத் திருப்பினால் திரை முழுக்கக் கறுப்பு. நிமிர்த்தினால் வரைபடம் வருகிறது, ஆனால் ரப்பர் உறிஞ்சி விட்டுவிடுகிறது. கடைசியில் டேப்லெட் படுக்கையாகவே இருக்க, சகலை தலையைச் சாய்த்துக்கொண்டு ஓட்டினார். பிறகு டேப்லெட்டுக்குக் காந்தம் வைத்த உறை வாங்கினார். டேப்லெட்டுக்குச் சற்று மேலேதான், 1970-களிலிருந்து ஒழுங்காக வேலை பார்த்து வந்த திசைகாட்டி. அன்று முதல் எந்தப் பக்கம் திரும்பினாலும், வட துருவம் எங்கள் விமானத்துக்குள்ளேயே இருந்தது.

ஆகஸ்ட் மாத டெக்ஸாஸ் வெயிலைப் பற்றித் திருநெல்வேலிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. டேப்லெட்டின் கையேட்டில் 35 டிகிரி வரை தாங்கும் என்று போட்டிருக்கிறது. ரன்வே ஓரத்தில் முறைக்காகக் காத்து நிற்கையில், கண்ணாடிக் கூண்டுக்குள் அந்த 35 எப்போதோ போய்விடும். திரை இருண்டு, ஒரு தெர்மாமீட்டர் படம் மட்டும் வரும். ஆறும் வரை பேசமாட்டேன் என்று அர்த்தம். றெக்கை ஓரத்திலிருந்து வெளிக்காற்று வரும் வட்டக் குழாய் என் பக்கம் ஒன்று உண்டு. "சகலை, அதைக் கொஞ்சம் காத்துல காட்டுங்க" என்பார். நான் டேப்லெட்டை இரண்டு கையாலும் தூக்கிக் குழாய் முன்னால் பிடிப்பேன். வேர்வை எனக்கு, காற்று அதற்கு.

2020 ஜனவரி 1 முதல், பெரிய விமான நிலையங்களைச் சுற்றிப் பறக்க வேண்டுமென்றால், தான் எங்கே இருக்கிறது என்பதை விமானம் ஓயாமல் ஒலிபரப்பிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். உள்ளங்கை அளவு பெட்டி ஒன்றை வைத்துக்கொண்டால் மற்ற விமானங்களின் ஒலிபரப்பெல்லாம் டேப்லெட்டில் புள்ளியாக வந்து நிற்கும். "ஒரு மணித் திசை, ரெண்டு மைல், முந்நூறு அடி மேல. தெரியுதா சகலை?" தெரியாது. திரையில் அது நெருங்க நெருங்க, இரண்டு பேரும் கழுத்தை நீட்டித் தேடுவோம். பக்கத்தில் வந்து, கடந்து, போயே போய்விடும். இத்தனை காலம் இப்படி எத்தனை பேர் எங்களைத் தாண்டிப் போனார்களோ என்று நினைத்தால், பெட்டி இல்லாத காலத்தின் நிம்மதிக்கு மனம் ஏங்குகிறது.

அதே பெட்டி மழைப் படத்தையும் காட்டும். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கண்ணைப் பறிக்கும். இதை நம்பி மேக இடுக்கில் நுழைந்தவர்கள் உயிரிழந்த விபத்துகள் உண்டு. திரையில் தெரியும் மழை, உண்மையில் 15 முதல் 20 நிமிடம் வரை பழையதாக இருக்கலாம் என்று 2012-இல் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் எச்சரித்தது. "பஸ் இப்பத்தானே சார் போச்சு" என்று சொல்லும் டீக்கடைக்காரர் மாதிரி, தகவல் சுத்தமாகச் சரி, ஆனால் பஸ் அங்கே இல்லை. சிவப்பைப் பார்த்தால் சகலை இடுக்குத் தேடுவதில்லை. நேரே வீட்டுக்குத் திரும்பிவிடுவார். அந்த விஷயத்தில் நான் அவருடைய பெரிய விசிறி.

டேப்லெட்டின் சேவைகளில் எனக்குப் பிடிக்காதது ஒன்று. எஞ்சின் நின்றுபோனால் எதுவரை மிதந்து போகலாம் என்று எங்களைச் சுற்றி ஒரு வளையம் போட்டுக் காட்டும். சகலைக்கு அதில் தனிப் பெருமை. "இந்த ரிங்குக்குள்ள எங்க வேணா இறங்கலாம் சகலை!" எட்டிப் பார்த்தேன். வளையத்தின் பெரும்பகுதி டிராவிஸ் ஏரி.

டேப்லெட் செத்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு விமானிகள் உலகம் கண்டுபிடித்த பதில், இன்னொரு டேப்லெட். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 2013-இல் விமானிகளின் காகிதப் பைகளை ஒழித்தது. ஒவ்வொன்றும் சுமார் 16 கிலோ. 2015 ஏப்ரலில் ஒருநாள், வாஷிங்டன் விமான நிலையத்தின் வரைபடம் ஒன்று தவறுதலாக இருமுறை இடம்பெற, செயலி குழம்பிப் படுத்துக்கொண்டது. பல டஜன் விமானங்கள் கிளம்ப முடியாமல் நின்றன. இந்தக் கதையைப் படித்த நாளிலிருந்து சகலையின் பை பெருக்கத் தொடங்கியது. பெரிய டேப்லெட், அது போனால் சின்ன டேப்லெட், அது போனால் அவர் போன், அது போனால் என் போன், இவை எல்லாவற்றுக்கும் பவர் பேங்க், பவர் பேங்க் போனால் சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சார்ஜர், அதற்கு மூன்று வகைக் கேபிள். அடியில் ஒரு காகித வரைபடம். மொத்தத்தில் 16 கிலோவை எட்டிப் பிடிக்க அதிக நாள் ஆகாது.

எல்லாம் தெரிந்துகொண்டதில் ஒரு நஷ்டமும் உண்டு. 1938 ஜூலையில் டக்ளஸ் காரிகன் என்பவர் நியூயார்க்கில் கிளம்பி, கலிஃபோர்னியா போகிறேன் என்று சொல்லிவிட்டு, 28 மணி 13 நிமிடம் பறந்து அயர்லாந்தில் இறங்கினார். அட்லாண்டிக்கைத் தாண்ட அவர் கேட்ட அனுமதியை அதிகாரிகள் முன்பே மறுத்திருந்தார்கள். திசைகாட்டியைத் தப்பாகப் பார்த்துவிட்டேன் என்றார். 1995-இல் இறக்கும் வரை அந்த வாக்குமூலத்திலிருந்து இம்மியும் நகரவில்லை. 14 நாள் உரிமத்தை நிறுத்தி வைத்தார்கள். திரும்பி வந்தவரை நியூயார்க் ஊர்வலம் விட்டுக் கொண்டாடியது.

இன்று அப்படி ஒரு பொய் சொல்ல வழியில்லை. ஃப்ரெட்ரிக்ஸ்பர்க் விமான நிலையத்தை ஒட்டி ஒரு டைனர் இருக்கிறது. விமானத்திலேயே போய் பர்கர் சாப்பிட்டு வருவதற்கு அமெரிக்க விமானிகள் வைத்திருக்கும் பெயர் நூறு டாலர் பர்கர். இன்றைய பெட்ரோல் விலையில் அந்தப் பெயரே தள்ளுபடி விலை. தரையிறங்கிப் பழகப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினோம். விமானத்தை நிறுத்திக் கதவைத் திறப்பதற்குள் என் மைத்துனியிடமிருந்து செய்தி: "இறங்கியாச்சா? டாக்டர் கொலஸ்ட்ரால் பத்திச் சொன்னது ரெண்டு பேருக்கும்தான்." எங்கள் விமானத்தின் எண்ணைப் போனில் தட்டிவிட்டு, 4,500 அடியில் நாங்கள் போட்ட ஒவ்வொரு திருப்பத்தையும் சமையலறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அதிகாரிகளைச் சமாளித்த காரிகன், இவரைச் சமாளித்திருப்பாரா என்பது சந்தேகம்.

அமெரிக்காவில் தனி விமானிகள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பயிற்சியாளர் ஒருவருடன் பறந்து காட்ட வேண்டும். சகலைக்கு வாய்த்தவர் எழுபதைத் தாண்டியவர். அனுமதி வாங்கி நான் பின்சீட்டில் உட்கார்ந்தேன். கிளம்பிச் சிறிது நேரத்தில் அவர் டேப்லெட்டைப் பிடுங்கி, "இது செத்துவிட்டது" என்று அறிவித்து என் மடியில் போட்டார். சகலை சின்ன டேப்லெட்டை எடுத்தார். அதுவும் செத்தது. போன் எடுத்தார். அதற்கும் அதே கதி. என் மடியில் அத்தனை பிணங்களும் சுறுசுறுப்பாக ஒளிவீசிக்கொண்டிருந்தன. நாங்கள் எங்கே இருக்கிறோம் என்பது எனக்குத் தெருவரை தெரியும். தொண்டையைச் செருமினேன். பயிற்சியாளர் திரும்பாமலே, கவிழ்த்து வைக்கச் சொன்னார்.

சகலை ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். நான் அறிந்து, அத்தனை நேரம் தொடர்ந்து அவர் வெளியே பார்த்தது அதுதான் முதல் தடவை. ஒரு ஆறு. ஒரு ரயில் பாதை. அதற்கப்பால் கம்பத்தின் மேல் மாபெரும் தர்பூசணி.

"லுலிங்!" என்று கத்தினார். தர்பூசணிக்கு வருடாவருடம் திருவிழா எடுக்கும் ஊர் லுலிங். தண்ணீர்த் தொட்டிக்கே தர்பூசணி வண்ணம் அடித்து வைத்திருக்கிறார்கள். கூரையில் பெயர் எழுதிய பெண்மணிகள் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார்கள். பயிற்சியாளர் தலையாட்டினார், கீழே இறங்கியதும் கையெழுத்துப் போட்டார். ஜன்னலைப் போன்ற கருவி வேறு இல்லை, அதற்கு சார்ஜே வேண்டாம் என்று சகலை வழிநெடுக எனக்கு உபதேசம் செய்தார். உண்மையாகவே திருந்திவிட்டார் என்று நம்பினேன்.

அந்த வாரமே பார்சல் வந்தது. தண்ணீர்த் தொட்டிகளைத் தூரத்திலிருந்தே அடையாளம் காண பைனாகுலர். கை நடுங்கினாலும் படம் நடுங்காத உயர்ந்த ரகமாம். ஒன்று பழுதானால் என்ன செய்வது என்று இரண்டு வாங்கியிருந்தார். பெட்டியின் ஓரத்தில் சின்ன எழுத்தில் போட்டிருந்தது: பேட்டரி தனியாக வாங்கிக்கொள்ளவும்.