ஃபில்டர் ஜாதகம்

கார் வாங்கிய கையோடு சீட் கவருக்கு எட்டாயிரம், டேஷ்போர்டு பிள்ளையாருக்கு ஐந்நூறு, பின்கண்ணாடியில் 'குலதெய்வம் துணை' ஒட்ட முந்நூறு என்று வாரி இறைக்கிற மனிதன், நூற்றுச் சொச்சம் ரூபாய் ஆயில் ஃபில்டர் என்றதும் மட்டும் "இதைவிடச் சீப்பா ஒண்ணும் இல்லையா?" என்பான். பிள்ளையாரை எதிர்வீட்டுக்காரர் பார்ப்பார். ஃபில்டரை யார் பார்க்கப்போகிறார்கள்?

என் மாமனார் ஒரு படி மேலே. "எங்க காலத்துல ஃபில்டரெல்லாம் யாரு மாத்தினா மாப்ளே? அம்பாசிடர் பாட்டுக்கு ஓடிச்சு." அமெரிக்காவில் எர்னஸ்ட் ஸ்வீட்லாண்ட் காருக்கு ஆயில் ஃபில்டர் கண்டுபிடித்தது 1923-ல். மாமா பிறந்தது அதற்கு வெகுகாலம் கழித்து. இதைச் சொன்னால் அடுத்த தீபாவளிக்கு வேட்டி வராது என்பதால் தலையாட்டி வைத்தேன்.

ஏர் ஃபில்டர் விஷயத்தில் அவருக்கும் எங்கள் மெக்கானிக்குக்கும் ஒரே கொள்கை. மாமா அதைத் துவைக்கிற கல்லில் நாலு அடி அடிப்பார். மெக்கானிக் தம்பி கம்ப்ரசர் பைப்பை அதன் முகத்தருகே வைத்து 'புஸ்ஸ்' என்று அடித்துவிட்டு, "புதுசு மாதிரி ஆயிடுச்சு சார், எதுக்கு வீண் செலவு?" என்பான். மடிப்பு மடிப்பாக இருக்கும் அந்தக் காகிதத்தில் அந்த வேகத்தில் காற்று பட்டால் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் விழும். இதில் கொடுமை என்னவென்றால், ஓட்டை விழுந்த ஃபில்டரில் காற்று தாராளமாகப் போகும். வண்டி சும்மா பறக்கிற மாதிரி இருக்கும். "பார்த்தீங்களா சார் பிக்கப்பை!" என்பான். வேகமாகப் போவது வண்டி மட்டுமல்ல, உள்ளே மணலும்தான்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிய ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று வேண்டும். அத்தனையும் நம்மூர்க் காற்று. கார் கம்பெனி கொடுக்கும் புத்தகத்தில், சாதாரணச் சாலையில் ஓட்டினால் இத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்று, தூசிச் சாலை என்றால் சீக்கிரமே மாற்று என்று இரண்டு கணக்கு இருக்கும். நூறு கிலோமீட்டருக்கும் மேல் நீளும் மெட்ரோ இரண்டாம் கட்ட வேலைக்காகத் தோண்டிப்போட்ட சென்னையில் அந்த 'சாதாரணச் சாலை' எந்தப் பேட்டையில் இருக்கிறதோ, தெரிந்தவர்கள் சொன்னால் அங்கேயே வாடகைக்கு வீடு பார்த்துவிடலாம்.

"ஃபில்டர் அடைச்சா மைலேஜ் போயிடும்" என்பது இன்னொரு வேதவாக்கு. கார்புரேட்டர் காலத்தில் அது சரி. மாமாவின் அம்பாசிடருக்குப் பொருந்தும். இப்போதைய இஞ்செக்‌ஷன் கார்களில், வருகிற காற்றை அளந்துதான் கம்ப்யூட்டர் பெட்ரோலை விடுகிறது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகம் 2009-ல் வேண்டுமென்றே ஃபில்டரை அடைத்து ஓட்டிப் பார்த்தது. மைலேஜ் சொல்லிக்கொள்கிற மாதிரி குறையவில்லை, இழுவைதான் குறைந்தது. ஆக, நல்ல ஏர் ஃபில்டர் வாங்குவது பெட்ரோல் காசை மிச்சம் பிடிக்க அல்ல, எஞ்சினுக்குள் உப்புத்தாள் போடாமல் இருக்க. இதை மாமாவிடம் சொன்னேன். "அப்ப மைலேஜ் குறையாதுன்னா எதுக்கு மாத்தணும்?" என்றார். வாதத்தில் அவர் என்றுமே தோற்றதில்லை.

ஃபில்டர் வாங்க, கார் உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜிபி ரோட்டுக்குப் போனால் கடைக்காரர் முதலில் கேட்பது காரின் பெயரை அல்ல. "கம்பெனியா, ஓஇஎம்மா, லோக்கலா?" கம்பெனி என்றால் கார்க்காரன் பெயர் போட்ட பெட்டி. ஓஇஎம் என்றால் கார்க்காரனுக்கே செய்து கொடுப்பவன் தன் பெயரில் விற்பது; என்னைக் கேட்டால் புத்திசாலிகள் வாங்க வேண்டியது இதைத்தான். லோக்கலுக்கு விளக்கம் வேண்டாம். இவை மூன்றும் போக நாலாவதாக ஒன்று கல்லாவுக்கு அடியிலிருந்து வரும். "கம்பெனி மாதிரியே இருக்கும் சார்." அந்த 'மாதிரி'யில்தான் ஆபத்து முழுவதும் இருக்கிறது.

ஆயில் ஃபில்டர்களை வெளியே பார்த்தால் எல்லாம் ஒரே தகர டப்பா. டார்ச் அடித்து ஓட்டை வழியே உள்ளே பார்க்க வேண்டும். சுற்றியுள்ள துளைகளுக்குப் பின்னால் ஒரு ரப்பர் வளையம் தெரியும். எஞ்சினை நிறுத்தியதும் ஆயில் திரும்பி வடிந்துவிடாமல் பிடித்து வைப்பது அதுதான். மட்ட ரகத்தில் அது விறைத்துப்போய் மூடாது. காலையில் சாவி போட்டதும் எஞ்சின் 'கடகட'வென்று தாளம் போடும். இன்னொன்று பைபாஸ் வால்வு. ஃபில்டர் அடைத்துக்கொண்டால் கூட்டம் தாங்காமல் சிறப்புத் தரிசன வாசலைத் திறந்துவிடுகிற மாதிரி, வடிகட்டாத ஆயிலை அப்படியே எஞ்சினுக்கு விட்டுவிடும். அழுக்கு ஆயில் கெடுதல்தான், ஆனால் ஆயிலே இல்லாவிட்டால் எஞ்சின் அன்றைக்கே காலி. அந்த ஸ்ப்ரிங் தளர்வாக இருந்தால் வாசல் எப்போதும் திறந்தே கிடக்கும். பெயருக்கு ஃபில்டர்.

எவ்வளவு சின்னத் துகளை எவ்வளவு பிடிக்கிறது என்று அளக்க ஐஎஸ்ஓ 4548-12 என்று ஒரு சோதனையே உண்டு. கடையில் நான் புரட்டிய பெட்டிகளில் அந்த எண்ணைக் காணோம். 'ஹை பெர்ஃபாமன்ஸ்' என்று மட்டும் பெரிய எழுத்தில் இருந்தது. ஏர் ஃபில்டரில் மடிப்புகள் ஒரே சீராக இருக்கிறதா, ஓரத்து ரப்பர் விரலுக்கு அமுங்குகிறதா, பசை வழிந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைக்காரர் பொறுமை இழந்தார். "சார், ஃபில்டர் வாங்க வந்தீங்களா, ஜாதகம் பார்க்க வந்தீங்களா?"

பொருத்தம் பார்த்து வாங்கியாயிற்று. மாட்டுவது தனிக் கதை. புது ஆயில் ஃபில்டரின் விளிம்பு ரப்பரில் கொஞ்சம் ஆயில் தடவி, அது எஞ்சினைத் தொட்டதும் கையாலேயே முக்கால் சுற்று திருகினால் போதும். எங்கள் தம்பிக்குக் கை என்றால் நம்பிக்கை கிடையாது. சங்கிலி ஸ்பேனரைப் போட்டுப் பல்லைக் கடித்து இறுக்குவான். அடுத்த சர்வீஸில் அது கழலாது. உடனே பெரிய ஸ்க்ரூ டிரைவரை டப்பாவின் வயிற்றில் குத்தி, மறுபக்கம் வரவழைத்து, அதைப் பிடித்துத் திருகுவான். கருப்பு ஆயில் முழங்கை வரை வழியும். "கம்பெனி ஃபில்டர்னாலே இப்படித்தான் சார், டைட்டா இருக்கும்" என்பான். அத்தனை அமர்க்களத்திலும் பழைய விளிம்பு ரப்பர் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று குனிந்து பார்ப்பது மட்டும் என் வேலை. அதன் மேலேயே புதுசை மாட்டினால் ஆயில் மொத்தமும் ரோட்டில்தான்.

எல்லாம் முடிந்து, காலிப் பெட்டியை நான் நாலாகக் கிழித்துக் குப்பையில் போட்டேன். தம்பி பதறிப்போனான்.

"ஐயோ, ஏன் சார் கிழிச்சீங்க? ஒரு ஆளு வந்து வாங்கிட்டுப் போவாரு. ஹாலோகிராம் நல்லா இருந்தா பத்து ரூபா சேர்த்துத் தருவாரு."