கரி எடுத்த கதை

எண்பதுகளில் சித்தூர் மாவட்டக்காரர்கள் வாடகைக் கார் பிடிக்க மூன்றே காரணங்கள்தான்: கல்யாணம், வேலூர் ஆஸ்பத்திரி, திருமலை. முதல் இரண்டுக்கும் எங்கள் நைனாவின் அம்பாசடர் ஒழுங்காக ஓடிவிடும். மூன்றாவதில்தான் அதன் வண்டவாளம் தண்டவாளம் ஏறும்.

உள்ளே ஒரு குடும்பம், டிக்கியில் இன்னொரு குடும்பத்துக்கான மூட்டை. 1974இல் திறந்த இரண்டாவது மலைப்பாதையில் அந்த 1489 சிசி எஞ்சின் முக்கி முனகும். டொக்டொக்கென்று நாக்கிங் அடிக்கும். மேலே போய்ச் சாவியைத் திருப்பி ஆஃப் செய்த பிறகும் இருமிக்கொண்டே சற்று நேரம் ஓடும். பக்தர்கள் அதைப் பெருமாள் மகிமை என்றார்கள். சிலிண்டருக்குள் பிடித்த கரி கனன்று, பிளக் பொறி விடாமலேயே பெட்ரோலைப் பற்றவைக்கிறது என்பார் எங்கள் மேஸ்திரி. “கரி ஏறிடுச்சுண்ணா, ஹெட் எறக்கணும்.”

ஹெட் இறக்குவது இரண்டு நாள் திருவிழா. பாதியாய் வெட்டிய எண்ணெய் டின்னில் ரேஷன் கிருஷ்ணாயிலை ஊற்றி, எட்டு வால்வுகளையும் ராத்திரி முழுக்க ஊறப்போடுவார். காலையில் உடைந்த ஆக்ஸா பிளேடால் சுரண்டினால் கரி செதில் செதிலாய் உதிரும். பிறகு வால்வு விளிம்பில் கிரைண்டிங் பேஸ்ட் தடவி, ரப்பர் குமிழ் வைத்த குச்சியை அதன் தலையில் ஒட்டி, மத்துக் கடைவதுபோல் இரு உள்ளங்கைக்கும் நடுவே உருட்டுவார். கடைசியில் போர்ட்டில் பெட்ரோல் ஊற்றிப் பார்ப்பது. ஒரு சொட்டும் கசியாவிட்டால் வால்வு பாஸ். சுரண்டிய கரியைத் தினத்தாளில் கொட்டி நைனாவிடம் காட்டிவிட்டுத்தான் கூலி கேட்பார்.

இதில் ஒரு வேடிக்கை. அதே கிருஷ்ணாயில் பெட்ரோலோடு கலந்து வாடகை வண்டிகளின் டேங்குக்குள்ளும் போனது ஊரறிந்த ரகசியம். கலந்தால் ஆக்டேன் குறையும், நாக்கிங் வரும், கரி பிடிக்கும். வியாதியும் மருந்தும் ஒரே டின்னில், அதுவும் மானிய விலையில். கலப்படத்தைக் கண்டுபிடிக்க அரசு ரேஷன் எண்ணெய்க்கு நீலச் சாயம் போட்டது. சாயம் அதன் கடமையைச் செய்தது, ஊர் தன் கடமையைச் செய்தது.

இப்போது எனக்கு வாசம் திருப்பதி மாவட்டம். நான் இடம் மாறவில்லை. 2022 ஏப்ரலில் மாவட்டம்தான் மாறியது. என் பழைய கார் புகை தள்ளுகிறது என்று ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். ஏசி அறை, காபி, கையில் டேப்லெட்டோடு ஒரு தம்பி.

“டீகார்ப் பண்ணிடலாம் சார். ஹைட்ரஜன் மெஷின். ஹெட்டைத் தொடவே மாட்டோம்.”

தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து, வரும் வாயுவை எஞ்சினுக்குள் அனுப்புவார்களாம். முடிந்ததும் கேட்டேன்: “கரி எங்கேப்பா?”

“சைலன்சர் வழியா போயிடுச்சு சார்.”

எவ்வளவு போனது என்று ஹெட்டைக் கழற்றினால்தான் தெரியும். ஹெட்டைக் கழற்றக் கூடாது என்பதற்காகத்தான் அந்த மெஷினே. தினத்தாளில் கரிக்குப் பதிலாக, பச்சை அம்புக்குறி போட்ட ஒரு பிரிண்ட் அவுட் கிடைத்தது.

கரி போக்க என்று டேங்கில் ஊற்றும் மருந்து பாட்டில்களையும் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. பாலிஈதர் அமீன் கலந்தவை இன்ஜெக்டர் அடைப்பை உண்மையிலேயே கரைக்கும். பெட்ரோல் பட்டுப் போகும் வால்விலும் வேலை செய்யும். ஆனால் சிலிண்டருக்குள் நேரடியாக எரிபொருள் பீய்ச்சும் புது எஞ்சின்களில் இன்டேக் வால்வின் முதுகில் பெட்ரோலே படாது. பாட்டிலை அந்தக் காருக்கும் சிரித்த முகத்தோடு விற்கிறார்கள். எஞ்சின் ஃப்ளஷ் என்று இன்னொன்று: ஆயிலில் ஊற்றினால் பல வருஷக் கசடு கழன்று வந்து, சில சமயம் ஆயில் பம்ப்பின் சல்லடையில் போய் உட்காரும். கிழட்டு எஞ்சின்களில் அழுக்குதான் வாஷர். கழுவிவிட்டால் ஒழுக ஆரம்பிக்கும்.

போதாததற்கு, பெட்ரோலில் இருபது சதவீத எத்தனால் கலந்து 2023 முதல் விற்கிறார்கள். எத்தனாலும் ஒரு கரைப்பான்தான். பழைய டேங்கின் அடியில் நிம்மதியாகக் கிடந்த கசடைக் கிளப்பிக்கொண்டு வந்து ஃபில்டரில் சேர்க்கும். பழைய ரப்பர் டியூபையும் பதம் பார்க்கும். அந்தக் காலத்தில் கிருஷ்ணாயில் கலந்தவன் ஒளிந்து கலந்தான். இப்போது லிட்டருக்கு 200 மில்லி என்று விளம்பரம் செய்தே கலக்கிறார்கள்.

கரி எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்குத்தான் அன்றும் கிராக்கி இல்லை, இன்றும் இல்லை. ரிங் தேய்ந்தால், வால்வு சீல் போனால், எஞ்சின் ஆயில் குடிக்கும். குடித்த ஆயில் எரிந்து கரியாகும். பிளக் ஓட்டையில் கேஜ் வைத்துக் கம்ப்ரஷன் பார்த்தால் பாதி உண்மை அங்கேயே தெரிந்துவிடும். ரிங் மாற்றச் சொன்னால் நைனா, “பிரம்மோற்சவம் முடியட்டும்” என்பார். பிரம்மோற்சவம் வருஷா வருஷம் வந்தது, கரியும் வந்தது. இன்றைய தம்பியோ கேஜ் பக்கமே போவதில்லை. ரிங் மாற்றிவிட்டால் அடுத்த டீகார்ப்புக்கு யார் வருவார்கள்?

சித்தூருக்குப் பக்கத்திலேயே காணிப்பாக்கம் இருக்கிறது. அந்தப் பிள்ளையார் முன் பொய்ச் சத்தியம் செய்ய எவனுக்கும் துணிச்சல் வராது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அடுத்த டீகார்ப் பில்லுக்கு நான் பணம் கட்டத் தயார். அந்தத் தம்பி பிரிண்ட் அவுட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கே ஒரு நடை வந்துவிட்டுப் போகட்டும். போக வர பெட்ரோல் என் செலவு.