டீக்குள் ஒரு சாது

கே: இரண்டிலும் கஃபீன்தானே? காபி குடித்தால் படபடக்கிறது, டீ குடித்தால் மட்டும் ஏன் இல்லை? (வாசகி, கும்பகோணம்)

ப: முதல் காரணம் அளவு. அதே கிளாஸ் காபியில் இருக்கும் கஃபீனில் பாதியளவுதான் டீயில் இருக்கும். இன்னொருவர் மீதும் சந்தேகம் இருக்கிறது. பெயர் தியானின், காபியில் கிடையாது. இதைச் சாப்பிட்டவர்களின் மூளையில் ஆல்ஃபா அலைகள் கூடியதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. விழிப்பு இருக்கும், பதற்றம் இருக்காது. அப்போது வருகிற அலை அது. கும்பகோணத்தில் இருந்துகொண்டு காபியைக் குறை சொல்லும் துணிச்சலுக்கு என் வணக்கம்.

கே: தியானின் ஓர் அமினோ அமிலமாமே! அப்படியானால் முட்டைக்குப் பதில் டீ போதுமா? (விடுதி மாணவர், திருச்சி)

ப: முட்டையை விட்டுவிடாதீர்கள். உடல் புரதம் கட்டுகிற 20 அமினோ அமிலங்களில் இது சேர்த்தி இல்லை. குளூட்டமிக் அமிலத்தோடு எத்திலமின் என்ற சிறு துண்டு ஒட்டிக்கொண்டால் தியானின். முகச்சாயல் இருப்பதால், மூளையில் குளூட்டமேட்டுக்கென்று இருக்கும் இடங்களில் இதுவும் போய் உட்காரப் பார்க்கும். பிடிதான் ரொம்பப் பலவீனம்.

கே: இதைக் கண்டுபிடித்த புண்ணியவான் யார்? (கோத்தகிரி)

ப: ஜப்பானின் யாஜிரோ சகாடோ, 1949. அவர் ஆராய்ந்தது கியோக்குரோ என்ற உயர்ரகப் பச்சைத் தேயிலை. அங்கேதான் விஷயமே இருக்கிறது. கொழுந்து பறிப்பதற்குச் சுமார் 20 நாள் முன்பே தோட்டத்துக்கு மேல் பந்தல் போட்டு வெயிலை மறைத்துவிடுவார்கள். தியானின் உருவாவது வேரில். தண்டு வழியாகக் கொழுந்துக்கு ஏறும். அங்கே வெயில் பட்டால் சிதைந்து, துவர்ப்பு தரும் கேட்டகின்கள் உருவாக உதவும். நிழலில் வைத்தால் அப்படியே தங்கிவிடும். பிறகு அந்த இலையை 50, 60 டிகிரி வெந்நீரில், சின்னஞ்சிறு கிண்ணத்தில் ஊறவைப்பார்கள். ஒரு வாய் குடித்தால் டீயா சூப்பா என்று சந்தேகம் வரும். 1908இல் கிகுனே இக்கேடா கடற்பாசியில் அடையாளம் கண்ட உமாமி சுவையின் உறவு அது. நம்மூர் மாஸ்டரிடம் நீட்டினால், "தண்ணியே காயலையே சார்" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்.

கே: அந்த மாஸ்டர் கொதிக்கக் கொதிக்க இறக்குகிறாரே, தியானின் செத்துப்போகாதா? (மதுரை)

ப: அவ்வளவு சுலபத்தில் சாகாது. தண்ணீரில் நன்றாகவே இறங்கும். ஆனால் கொதியில் துவர்ப்பும் சேர்ந்து இறங்குகிறது; அதை அடக்கப் பால், பாலுக்குத் துணையாக இரண்டு ஸ்பூன் சர்க்கரை. இத்தனை பேர் ஏறி நிற்கும் மேடையில் தியானின் பேசுவது யார் காதில் விழும்?

கே: செடிக்கு இதனால் என்ன லாபம்? (ஈரோடு)

ப: நைட்ரஜனைச் சேமித்து வைக்கும் கிடங்கு என்கிறார்கள். புரதத்தில் சேராத இப்படிப்பட்ட அமினோ அமிலங்கள் நிறையத் தாவரங்களில் உண்டு, எல்லாமே சாது அல்ல. உங்கள் ஊர்ப்பக்கம் வேலியோரம் நிற்கும் சவுண்டலிலும், தொட்டாச்சிணுங்கியிலும் மிமோசின் இருக்கிறது. சவுண்டல் தழையை அளவு மீறித் தின்ற குதிரைக்குப் பிடரியும் வாலும் கொட்டும். வயிற்றில் அதைச் சிதைக்கும் நுண்ணுயிரிகள் இருந்தால் ஆடு தப்பித்துக்கொள்ளும்.

கே: 200 மில்லிகிராம் தியானின் மாத்திரை விற்கிறார்கள். வாங்கலாமா? (சென்னை)

ப: ஜப்பான் 1964இலேயே இதை உணவில் சேர்க்க அனுமதித்தது; பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் மூளைத்திறன் கூடும், மன அழுத்தம் குறையும் என்ற விளம்பர வாசகங்களை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2011இல் ஏற்கவில்லை. ஆதாரம் போதாது என்றது. ரத்த அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடுபவராக இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். மற்றவர்கள் பர்ஸைக் கேட்டால் போதும்.

கே: என் மேலாளருக்கு மூக்கின் மேல் கோபம். டீ வாங்கிக் கொடுத்தே சாந்தப்படுத்த முடியுமா? (பெயர் வேண்டாம், கோவை)

ப: கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கோப்பையில் பொதுவாக 10 முதல் 25 மில்லிகிராம். ஆய்வுகளில் கொடுத்தது பெரும்பாலும் 100, 200. ஆக, ஒரே மூச்சில் பத்து கிளாஸ் ஊற்ற வேண்டும். பத்து கிளாஸ் கஃபீனும் கூடவே உள்ளே போகும். நள்ளிரவு இரண்டு மணிக்கு அவர் அனுப்பப்போகும் மின்னஞ்சல்களுக்கு நான் பொறுப்பல்ல.