ஒரே மோதிரம், இரண்டு விரல்

கேள்வி: ஆன்லைன் விளையாட்டில் ஒரு மோதிரத்தை இரண்டாக்குகிறார்களாமே, எப்படி? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: மந்திரமில்லை, கணக்குப் பிழை. பொருள் கைமாறும்போது வாங்கியவர் கணக்கு பதிவாகி, கொடுத்தவர் கணக்கு பதிவாகும் முன் சர்வர் படுத்துவிட்டால், எழுந்ததும் இருவரிடமும் மோதிரம் மின்னும். தோவாளைச் சந்தையில் பிச்சிப்பூக் கூடை இப்படிப் பெருகினால் விடிவதற்குள் விலை தரைதட்டும். விளையாட்டுக்கும் அதே கதிதான். தங்கம் இப்படிப் பெருகியதால் 'நியூ வேர்ல்ட்' என்ற ஆன்லைன் விளையாட்டு 2021 நவம்பரில் கொடுக்கல் வாங்கலையே நிறுத்திவைத்தது. இரு கணக்கையும் ஒரே மூச்சில் எழுதுவதும், பொருளுக்குப் பொருள் தனி எண் போடுவதுமே உருப்படியான மருந்து. 'டயாப்லோ 2' விளையாட்டின் வைத்தியம் வேறு ரகம்: அங்கே நகல் மோதிரங்கள் நாணயமாகவே புழங்கின. 2003-இல் வந்த மென்பொருள் திருத்தத்துக்குப் பின், அவற்றைக் கடையில் விற்கவிற்க ஒரு பெரும்பேய் தோன்றும். பேயைப் பார்க்கும் ஆசையில் மோதிரத்தை ஆட்டக்காரர்களே கொண்டுபோய்க் கொட்டினார்கள்.