பகல் பன்னிரண்டு வரை பொறு, தம்பி

2022 ஆகஸ்ட் 11ஆம் தேதி தமிழ்நாடு முழுக்கப் பள்ளி, கல்லூரி மாணவர்கள் வரிசையில் நின்று போதைக்கு எதிராக உறுதிமொழி எடுத்தார்கள். கை நீட்டி, சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னார்கள். பகல் பன்னிரண்டு மணிக்கு அரசு வழக்கம்போலத் தன் டாஸ்மாக் மதுக்கடைகளைத் திறந்தது. உறுதிமொழியில் இருந்தது போதைப்பொருள். கடையில் இருப்பது வருவாய். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இந்தக் காலத்துப் பையன்களுக்குப் பொறுமை இல்லை, அவசர புத்தி, யோசிக்காமல் பாட்டிலைத் தொட்டுவிடுகிறார்கள் என்று மேடைக்கு மேடை வருத்தப்படுகிறார்கள். வருத்தத்தில் விஞ்ஞானமும் உண்டு. நெற்றிக்குப் பின்னால் இருந்துகொண்டு “வேண்டாம்டா” என்று கையைப் பிடிக்கிற மூளைப் பகுதி, இருபத்தைந்து வயதை ஒட்டித்தான் முழுதாக முதிர்கிறது. மது முதலில் தூங்கவைப்பதும் அதைத்தான். அரசின் மருத்துவக் கல்லூரிகளிலேயே இதைப் பாடமாக நடத்துகிறார்கள். 21 வயது ஆகாதவர்களுக்கு விற்கக் கூடாது என்று விதியும் உண்டு. கம்பி வலைக்குள்ளிருந்து நீளும் கை யாரிடமாவது பிறந்த தேதியைக் கேட்டு நான் பார்த்ததில்லை.

பள்ளிக்கூடத்துக்கும் கடைக்கும் தூரம் வைத்திருக்கிறார்கள். நகரங்களில் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர். நூறு மீட்டரைக் கடக்க உசைன் போல்ட்டுக்கு 9.58 விநாடி ஆனது. நம் பையன் நடந்து போனால் ஒரு நிமிடத்துக்கும் மேல் ஆகும். அந்த ஒரு நிமிடத்தில் மனம் திருந்தி நூலகத்துப் பக்கம் திரும்பிவிடுவான் என்று சட்டம் எழுதியவர்கள் நம்பியிருக்கிறார்கள்.

குவார்ட்டருக்கு வருவோம். 180 மில்லி, 42.8 சதவீதம். கணக்குப் போட்டால் ஏறத்தாழ 60 கிராம் சுத்த ஆல்கஹால். ஒரே அமர்வில் 60 கிராமைத் தொட்டாலே அது மட்டுமீறிய குடி என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது உலகம் ஆபத்து என்று கோடு போட்ட இடத்தில்தான் நம் கடை விற்பனையைத் தொடங்குகிறது. பிராந்தி, ரம் எது கேட்டாலும் அதைவிடச் சின்ன பாட்டில் இல்லை. அதை வீட்டுக்கும் கொண்டுபோக முடியாது, அம்மா இருக்கிறாள். ஒரு பிளாஸ்டிக் டம்ளர், ஒரு வாட்டர் பாக்கெட், ஒரு சுவர் ஓரம், பத்து நிமிடம். அப்புறம் பைக். தெருமுனையில் ஊதச் சொல்லிப் போலீஸ் நிற்கிறது. மாட்டினால் 10,000 ரூபாய். கஜானா ஒன்று, கவுண்டர் இரண்டு.

2023இல் மதுவிலக்குத் துறை அமைச்சருக்கு ஒரு கவலை வந்தது. ஆமாம், விற்பனைக்குப் பொறுப்பான துறைக்குப் பெயரே அதுதான். விற்பதும் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின் கீழ்தான். முழு குவார்ட்டர் வேண்டாதவர்கள் பங்கு போடக் கூட்டாளி வரும்வரை கடை வாசலில் காத்து நிற்கிறார்களாம். ஆகவே 90 மில்லி பாக்கெட் விடலாமா என்று பரிசீலித்தார்கள். கட்டிங் போட ஆள் கிடைக்காமல் நிற்கும் அந்தப் பத்து நிமிடம்தான் ஒருவனுக்கு “போதும், வீட்டுக்குப் போவோம்” என்று தோன்ற மிச்சம் இருந்த ஒரே இடைவெளி. அதையும் அடைத்துவிடப் பார்த்தார்கள். அதே ஆண்டு சென்னை மால் ஒன்றில், பொத்தானை அழுத்தினால் பாட்டில் வரும் இயந்திரம் வைத்தார்கள். ஊர் கொதித்தபோது கிடைத்த விளக்கம்: இயந்திரம் வெளியே இல்லை, கடைக்குள்ளேதான் இருக்கிறது.

பையனின் அவசரம் இருக்கட்டும். அறிவுரை சொல்கிறவரைக் கொஞ்சம் பரிசோதிப்போம்.

2020 மே 7, ஊரடங்கின் நடுவே கடைகள் திறந்தன. மறுநாளே உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. உச்ச நீதிமன்றத்துக்கு ஓடி, 15ஆம் தேதி தடை வாங்கி, 16ஆம் தேதி திறந்துவிட்டார்கள். ஒரு வாரம் சரக்கு நின்றதற்கே அந்தக் கைநடுக்கம். அதற்கு முன்பு, நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் கடை கூடாது என்று 2016 டிசம்பரில் தீர்ப்பு வந்தபோது, கடையை நகர்த்துவதைவிடச் சாலையின் அந்தஸ்தை மாற்றுவது சுலபம் என்று தோன்றியது. மாநில நெடுஞ்சாலைகளை உங்கள் சாலைகளாக எடுத்துக்கொண்டு தீர்மானம் போடுங்கள் என்று உள்ளாட்சிகளுக்கு உத்தரவு பறந்தது. உயர் நீதிமன்றம் குறுக்கே வராமல் இருந்திருந்தால் கன்னியாகுமரி வரை சந்துகளிலேயே போய்ச் சேர்ந்திருப்போம்.

2015 ஜூலை 31 அன்று உண்ணாமலைக்கடை என்ற ஊரில் காந்தியவாதி சசிபெருமாள் ஒரு மதுக்கடையை அகற்றச் சொல்லி மணிக்கணக்கில் செல்போன் கோபுரத்தில் நின்று உயிரை விட்டார். அன்று ஒருவருக்கும் அவசரம் இல்லை. அக்டோபரில் பாடகர் கோவன் டாஸ்மாக்கை எதிர்த்துப் பாடினார். நள்ளிரவு தாண்டி வீடு புகுந்து, தேசத்துரோக வழக்குப் போட்டு அள்ளிக்கொண்டு போனார்கள். பாட்டு காத்திருக்காது அல்லவா.

2016 தேர்தலில் ஒரு பெரிய கட்சி பூரண மதுவிலக்கு என்றது, இன்னொன்று படிப்படியாக என்றது. எந்தக் குடிகாரனின் மனைவியைக் கேட்டாலும் சொல்வாள்: “நாளையிலிருந்து விட்டுடறேன்”, “கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுக்கறேன்”. குறைக்கவும் செய்தார்கள். 2016இல் 500 கடை, 2017இல் 500, 2023இல் 500. வருவாயோ 2022-23இல் 44,121 கோடி, அடுத்த ஆண்டு 45,855 கோடி, அதற்கடுத்த ஆண்டு 48,344 கோடி. கிளாஸைச் சின்னதாக்கிவிட்டுத் தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறவனின் கணக்கு இது. மூடினால் கள்ளச்சாராயம் பெருகுமாம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச்சாராயம் 60 பேருக்கு மேல் கொன்றபோது 4,800க்கும் மேற்பட்ட அரசுக் கடைகள் மாநிலத்தில் திறந்துதான் இருந்தன.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பாவம். நீலகிரியில் காலி பாட்டில்கள் காட்டுக்குள் உடைந்து விலங்குகளின் காலைக் கிழிக்கின்றன என்று நீதிமன்றம் கண்டித்த பிறகு, 2022இல் ஒரு திட்டம் வந்தது. பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொள்வார்கள். காலியைக் கொண்டுவந்தால் திருப்பிக் கொடுப்பார்கள். நல்ல திட்டம், நக்கல் இல்லை. இதையே கொஞ்சம் விரிவுபடுத்தலாம். பாட்டிலில் ஒட்டுவதுபோல, வாங்குகிற பையனின் காலரிலும் கடை எண்ணோடு ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள். ராத்திரி பைபாஸ் ஓரத்தில் விழுந்து கிடப்பவனை அவன் அம்மா ஆட்டோவில் ஏற்றி, மறுநாள் கடை திறக்கும்போது அதே கவுண்டரில் கொண்டுவந்து இறக்கட்டும். மற்றவர்களைப் போல அவளும் வரிசையில் நிற்கட்டும். அந்தப் பத்து ரூபாயை மட்டும் இழுத்தடிக்காமல் கொடுத்துவிடுங்கள், ஆட்டோக்காரர் காத்திருக்கிறார்.