நெல் இல்லாத வயலுக்கு நெல் பணம்

கேள்வி: அமெரிக்காவில் பயிரே வைக்காதவருக்கும் விவசாய மானியம் கொடுத்தார்களாமே, நிஜமா?

பதில்: நிஜம்தான். டெக்சாஸ் மாநிலத்தின் வார்ட்டன் கவுண்டியில் எல் காம்போ என்றொரு சிற்றூர். நெல் விளைந்த நிலங்கள் அங்கே வீட்டுமனைகளாயின. மனை வாங்கி வீடு கட்டிக் குடியேறிய ஒருவருக்கு வருடந்தோறும் சுமார் 1,300 டாலர் வந்தது. அவர் விவசாயியே அல்ல. வளர்ந்தது புல் மட்டும்!

காரணம், 1996-ல் வந்த சட்டம். நிலத்தில் முன்பு எத்தனை ஏக்கரில் என்ன விளைந்தது என்ற பழைய கணக்குப்படி அரசு நேரடியாகப் பணம் கொடுத்தது. அந்தந்த வருடம் விதைத்தாரா என்று யாரும் கேட்கவில்லை. விளைவு? பணம் முழுக்கத் தனக்கே வரட்டும் என்று குத்தகைக்காரரை வெளியேற்றிய நிலச்சொந்தக்காரர்களும் உண்டு. உழுதவர் வயிற்றில் அடித்த இந்த அநியாயம்தான் இதில் மிகப் பெரிய கொடுமை.

2000-க்குப் பிறகு விவசாயம் செய்யாதவர்களுக்குப் போனது குறைந்தது 130 கோடி டாலர் என்று 2006-ல் 'வாஷிங்டன் போஸ்ட்' கணக்கிட்டு எழுதியது.

2014-ல் அந்த நேரடித் தொகையை ஒழித்தார்கள். பழைய ஏக்கர் கணக்கு மட்டும் ஒழியவில்லை. பயிரின் விலையோ வருமானமோ சரிந்தால், இன்றும் அந்தக் கணக்கை வைத்தே பணம் பட்டுவாடா ஆகிறது.